மும்மடியாக வரும் அளவு

ஐப்பசி பிறந்தால் எங்கள் விருதுநகர்ச் சீமையில் மழை வருவது நிச்சயமில்லை. அறிவியல் இதழ்களில் பட்டாசுக் கட்டுரை வருவது நிச்சயம். தீபாவளியை ஒட்டி வெளிவரும் இக்கட்டுரைகளைப் பள்ளி நாள் முதலாகத் தவறாமல் படித்து வருகிறேன். அவற்றுள் இரண்டை நானே எழுதியும் இருக்கிறேன். ஆகவே, இங்கு நான் கூறப்போகும் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இத்தகைய கட்டுரையின் அமைப்பு வாசகர்களுக்குப் பழக்கமானதே. முதலில் சீன நாட்டில் வெடிமருந்து பிறந்த கதை வரும். அடுத்து, 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய வரலாறு வரும். பின்னர் நிறங்கள்: ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம். எலெக்ட்ரான்கள் மேல் ஆற்றல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்திற்கு இறங்குவதைக் காட்டும் படம் ஒன்று. அதன் பின் ஒலி: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மிகலாகாது என்ற விதி. கடைசியாகப் புகை. 'கவனமாக வெடித்து மகிழுங்கள்' என்ற வாழ்த்துடன் கட்டுரை முடியும்.

இவற்றில் தவறான செய்தி ஏதும் இல்லை. ஆயினும் ஒன்றை நோக்குங்கள். நிறம் கண்ணைத் தேடி வருகிறது. ஒலி காதைத் தேடி வருகிறது. புகை மூக்கைத் தேடி வருகிறது. எவை நம்மைத் தாமே வந்து அழைக்கின்றனவோ, அவற்றைப் பற்றியே எழுதிவிட்டு, பட்டாசின் அறிவியலை எழுதி முடித்ததாக எண்ணிக்கொள்கிறோம். புலன்கள் இழுத்த பக்கமெல்லாம் நம் அறிவியலும் போய்விடுகிறது. கவனிக்கத் தக்கது எது என்று நாம் தேர்ந்து முடிவு செய்யவில்லை. நமக்காக வேறு எதுவோ தேர்ந்துவிட்டது. என் குறை இதுதான்.

திருகு அளவி கற்பிக்கும் பாடம்

கவனிக்கத் தக்கதைத் தேர்வது எவ்வாறு? இதற்கு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழி உண்டு. பி.எஸ்ஸி. முதலாண்டில் உலோகச் சட்டம் ஒன்றை வளைத்து, அதன் யங் குணகத்தைக் காணும் சோதனையை மாணவர்கள் செய்கிறார்கள். சட்டத்தை இரு கத்தி முனைகளின் மேல் வைத்து, இரு புறமும் எடை தொங்கவிட்டு, நடுப்பகுதி எவ்வளவு மேலெழுகிறது என்பதை நகரும் நுண்ணோக்கியால் அளக்கவேண்டும். அதோடு சட்டத்தின் நீளம், அகலம், தடிமன் ஆகியவற்றையும் அளக்கவேண்டும்.

மாணவர்கள் செய்வதை அருகிலிருந்து கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். நுண்ணோக்கிக்கு எப்போதும் போட்டி. பித்தளைத் திருகுகளும் கண்ணாடி வில்லைகளும் உடைய அழகான கருவி அன்றோ! நீளத்தை மூன்று முறை அளப்பார்கள். மீட்டர் அளவுகோல் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. தடிமனோ ஐந்து மில்லிமீட்டர்தான். அதை மணியடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் திருகு அளவியால் ஒரே ஒரு முறை பார்த்துச் சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

இப்போது சூத்திரத்தைப் பாருங்கள். அகலம் ஒரு மடியாக வருகிறது. கத்தி முனைகளுக்கு இடையே உள்ள நீளம் இருமடியாக வருகிறது. தடிமன் மும்மடியாக வருகிறது. அளப்பதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறு நேர்ந்தது எனக் கொள்வோம். 60 சென்டிமீட்டர் நீளத்தில் அத்தவறு நேர்ந்தால் விடையில் முப்பதில் ஒரு விழுக்காட்டுப் பிழைதான் வரும். இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் நேர்ந்தால் 0.4 விழுக்காடு. 5 மில்லிமீட்டர் தடிமனில் நேர்ந்தாலோ 6 விழுக்காடு! தவறு ஒன்றே, விளைவுக்கு இடையே ஏறத்தாழ இருநூறு மடங்கு வேறுபாடு.

'நன்றாக அளந்தோமே, விடை ஏன் சரியாக வரவில்லை?' என்று கேட்கும் மாணவருக்கு நான் சொல்வது இதுதான்: 'நீ கவனமில்லாமல் இருந்தாய் என்று சொல்லமாட்டேன். கவனத்தைத் தவறான இடத்தில் செலவு செய்தாய். முதலில் சூத்திரத்தைப் பார். எது மும்மடியாக வருகிறதோ, அதைத் தேடிப் போ. அது சிறியதாக இருக்கும், அழகாக இராது, உன்னைக் கூப்பிடவும் செய்யாது.'

இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவந்த நானே என் கட்டுரைகளில் இதைக் கடைப்பிடிக்கவில்லை என்பதை ஒரு மாணவி எனக்கு உணர்த்தினாள்.

ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முந்திய வாரத்தில், ஒலி அளவி ஒன்றை இரவல் வாங்கி, கல்லூரி விளையாட்டுத் திடலில் வெடியின் ஓசையை அளந்தோம். 4 மீட்டர், 8 மீட்டர், 16 மீட்டர் எனத் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்தது. எதிர்த்தகவு இருபடி விதி கண்முன்னே மெய்ப்பட்டதில் மாணவர்களுக்கு மிக்க மகிழ்ச்சி, எனக்கும்தான்.

கருவியைப் பெட்டியில் வைக்கும்போது, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் இறுதியாண்டு மாணவி ஒருத்தி அருகே வந்தாள். அவள் தாயார் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர்.

"சார், எங்க அம்மா மருந்து செலுத்துற ரூம்ல எதை அளக்கணும் சார்?"

நான் யோசிக்காமல், "அங்கே சத்தமே இருக்காதேம்மா" என்றேன்.

"ஆமா சார். அதனாலதான் கேக்குறேன்" என்றாள் அவள்.

அன்று அவளுக்கு நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. வீட்டிற்கு வந்து, நான் எழுதிய இரு கட்டுரைகளையும் எடுத்துப் பார்த்தேன். வானில் சென்று வெடித்த பின் ஒரு நொடியில் நிகழ்வதை எட்டுப் பக்கங்களில் விளக்கியிருந்தேன். அந்த வெடி ஒரு பெண்ணின் விரல்களுக்கிடையே இருந்த பல மணி நேரத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நான் இருப்பதோ விருதுநகரில்!

மருந்து அறையின் இயற்பியல்

அந்த அறையில் எழுதத்தக்க இயற்பியல் இல்லையா? நிறைய உண்டு.

ஓசை எழுப்பும் வெடிகளில் பெரும்பாலும் இடப்படும் மருந்து வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றின் கலவை. வெடியுப்பு ஆக்சிஜன் தருகிறது. அலுமினியம் எரிந்து வெப்பம் தருகிறது. கந்தகம் எளிதில் உருகித் தீ பற்றுவதை விரைவுபடுத்துகிறது. தனித்தனியே சாக்கில் இருக்கும்போது பெரிதும் அடங்கியிருக்கும் இப்பொருள்கள் கலக்கப்பட்ட கணத்திலிருந்து வேறு பொருளாகிவிடுகின்றன. கலவை அறையும் மருந்து செலுத்தும் அறையும் ஏனைய அறைகளைக் காட்டிலும் ஆபத்தானவை என்பதற்குக் காரணம் இதுவே.

அலுமினியம் ஏன் இவ்வளவு விரைந்து எரிகிறது? நம் வீட்டுப் பாத்திரமும் அலுமினியம்தானே? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள அலுமினியக் கனசதுரம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதன் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பக்கமுள்ள துகள்களாக ஆக்கினால், மொத்தப் புறப்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டராகிறது. எடை மாறவில்லை; தீ தொடக்கூடிய பரப்பு ஆயிரம் மடங்காயிற்று. பாத்திரத்திற்கும் தூளுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அடுத்தது மின்பொறி. நைலான் சேலை, பிளாஸ்டிக் வாளி, வறண்ட காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் உடலில் நிலைமின்னூட்டம் சேர்கிறது. மனித உடலின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 100 பிகோஃபாரட். மின்னழுத்தம் 10,000 வோல்ட் வரை உயர்வது வறண்ட நாளில் அரிதன்று. தேக்கிய ஆற்றலைக் கணக்கிட்டால் 5 மில்லிஜூல் வருகிறது. ஒரு கிராம் எடையை அரை மீட்டர் உயர்த்தும் ஆற்றல்தான் இது; கதவுப்பிடியைத் தொடும்போது சுரீரென்று ஒரு கணம் உணர்ந்து மறந்துவிடுகிறோம். ஆனால் மிக நுண்ணிய உலோகத் தூள் காற்றில் மிதக்கும்போது அதைப் பற்றவைக்கச் சில மில்லிஜூல் முதல் சில பத்து மில்லிஜூல்களே போதும். உள்ளே நுழையுமுன் நிலத்தோடு இணைத்த தாமிரத் தகட்டைத் தொடவேண்டும், பருத்தி ஆடை உடுக்கவேண்டும், இரும்புக் கருவி கூடாது என்னும் விதிகளுக்கெல்லாம் பொருள் இங்கே இருக்கிறது. இங்கே மின்னழுத்தம் இருமடியாக வருகிறது என்பதையும் காண்க. அதைப் பாதியாக்கினால் ஆற்றல் காலாகிவிடும்.

மூன்றாவது ஈரம். தண்ணீர் தீயை அணைக்கும் என்றே நாம் அறிவோம். அலுமினியத் தூளும் வெடியுப்பும் ஈரத்துடன் சேர்ந்து குவியலாகக் கிடந்தால் மெல்ல வேதிவினை நிகழ்ந்து வெப்பம் பிறக்கிறது. குவியலின் நடுவிலுள்ள வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் ஏற ஏற வினை விரைவாகிறது. இதைத் தடுக்கவே சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. மாலையில் மீதமான மருந்தை மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டிற்குச் செல்வது ஏன் பெரும் பிழை என்பது இதனால் விளங்கும். எவரும் தொடாமலே, எவரும் பாராமலே, அது தானாகச் சூடேறக்கூடும்.

இவற்றை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. சிவகாசியிலேயே உள்ள மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள், பட்டாசு மருந்துகள் மோதலுக்கும் உராய்வுக்கும் எவ்வளவு எளிதில் இடங்கொடுக்கின்றன என அளந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். அவை ஆங்கிலத்தில், ஆய்விதழ்களில் உள்ளன. அங்கிருந்து மருந்து அறை சில கிலோமீட்டர் தூரம்தான். இடையில் பாலமாக இருக்கவேண்டியவர்கள் தமிழில் அறிவியல் எழுதும் நாம். அந்த நேரத்தில் நாம் ஸ்ட்ரான்ஷியத்தின் சிவப்பை வியந்துகொண்டிருந்தோம்.

ஒன்றுமில்லாத இடம்

இவை எல்லாவற்றிலும் மும்மடியாக வரும் அளவு எது? அதை நான் கண்டுகொள்ளச் சிறிது காலம் பிடித்தது. காரணம், அது ஒரு பொருளே அன்று. இரு அறைகளுக்கு இடையே உள்ள வெற்று நிலம்.

வெடிப்பின் தாக்கம் பற்றி ஆங்கிலேய அறிஞர் ஹாப்கின்சன் 1915-இல் ஒரு விதி கூறினார். ஒரே அளவான தாக்கம் எட்டும் தூரம், வெடிக்கும் பொருளின் நிறையினது கனமூலத்தைப் பொறுத்து அமைகிறது என்பது அதன் சாரம். அதாவது, 1 கிலோ மருந்து 10 மீட்டரில் உண்டாக்கும் தாக்கத்தை 8 கிலோ மருந்து 20 மீட்டரிலும், 27 கிலோ மருந்து 30 மீட்டரிலும் உண்டாக்கும். (விதியை விளக்கக் கூறும் எண்கள் இவை, ஆலைக்குரிய பாதுகாப்புத் தூரங்கள் அல்ல.) இதையே திருப்பிச் சொன்னால், ஓர் அறையில் வைக்கத்தக்க மருந்தின் அளவைத் தூரத்தின் மும்மடி தீர்மானிக்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். இரு அறைகளுக்கு நடுவே 20 மீட்டர் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் ஒரு வேப்பமரம். உள்ளே புழுக்கம், மரத்தடியில் காற்று வருகிறது. 'இங்கேயே உட்கார்ந்து திரி வைப்போமே' என்று நான்கு பேர் அமர்கிறார்கள். பக்கத்தில் மருந்து நிரப்பிய குழாய்களும் வந்து சேர்கின்றன. எந்தச் சுவரும் இடியவில்லை. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. ஆனால் 20 மீட்டர் 10 மீட்டராகிவிட்டது. எந்த அளவு தாக்கத்திற்கு 8 கிலோவைத் தாங்கும் எனக் கணக்கிட்டோமோ, அந்த இடைவெளி இப்போது 1 கிலோவை மட்டுமே தாங்கும். மேலும், தீ ஓர் அறையிலிருந்து மற்றதற்குத் தாவ அங்கே ஒரு படிக்கட்டும் அமைந்துவிட்டது.

மருந்தைப் பாதியாகக் குறைத்தால் தாக்கம் எட்டும் தூரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். அதுவும் வேண்டியதே. ஆயினும் வெற்று நிலத்தை வெற்று நிலமாகவே காப்பதற்கு ஈடாகாது. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் அறைகளுக்கிடையே தூரத்தையும், அறைக்குள் இருக்கத்தக்க மருந்தின் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் வரையறுத்திருப்பதன் உட்பொருள் இதுவே. மரத்தடியில் வேலை நடப்பதும், அனுமதிக்கு மேல் ஆட்கள் இருப்பதும், ஒரே ஆலையின் அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விடுவதும், விபத்துக்குப் பின் வரும் செய்திகளில் மீண்டும் மீண்டும் காணும் வாசகங்கள். செய்தியைப் படிப்பவர் அவற்றைச் சிறு விதிமீறல்களாகவே எண்ணிக் கடந்துவிடுகிறார். மும்மடி என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தை எங்கள் பகுதியில் எவரும் மறக்கவில்லை. ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. இறந்தோரில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். முதலில் எழுந்த தீயையும் புகையையும் கண்டு உதவி செய்யவும், என்னவென்று பார்க்கவும் ஓடி வந்த சுற்றுப்புறத்தார். அவர்கள் நெருங்கி நின்றபோது இருப்பில் இருந்தவை வெடித்தன. அவர்களைக் குறை கூற எனக்கு வாய் வராது. அயலார் வீட்டில் தீ என்றால் ஓடுவது மனித இயல்பு. அந்த இயல்புதான் ஊரை ஊராக வைத்திருக்கிறது. ஆனால், முதல் வெடிக்குப் பின் இரண்டாவது வரலாம், ஒவ்வோர் அடி விலகலும் மும்மடியாகக் காக்கும் என்ற ஒரு செய்தி அவர்களுக்குப் பள்ளியிலோ பத்திரிகையிலோ கிடைத்திருந்தால்? தீபாவளிக் கட்டுரைகள் அதற்கு முன்னும் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருந்தன.

'கவனமாக இருங்கள்'

நம் கட்டுரைகள் தொழிலாளரைப் பற்றிப் பேசும் அரிய இடங்களிலும் ஓர் அறிவுரையோடு நின்றுவிடுகின்றன: 'வேலையில் கவனம் தேவை, கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.' பலகைகளிலும் இதையே எழுதி வைக்கிறார்கள். இந்த அறிவுரை அறிவியலுக்கு ஒத்ததா?

இரண்டாம் உலகப் போரில் ராடார்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள், நேரம் செல்லச் செல்ல எதிரியின் குறியைத் தவறவிட்டனர். இதை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலறிஞர் மேக்வொர்த், கடிகாரம் போன்ற ஒரு கருவியை அமைத்தார். அதன் முள் நொடிக்கு ஒரு முறை தாவும். எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டு சொல்வதே வேலை. 1948-இல் அவர் வெளியிட்ட முடிவு: முதல் அரை மணி நேரத்திற்குள்ளேயே கவனம் தளரத் தொடங்கிவிடுகிறது. பார்த்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். மனித மூளையின் இயல்பு அது.

இனி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். காலையிலிருந்து ஒரே அசைவு. தீபாவளி நெருங்குகிறது, இன்னும் சில நூறு குழாய்கள் நிரப்பினால் இன்னும் சில ரூபாய். அவரிடம் 'எட்டு மணி நேரமும் கவனமாக இரு' என்பது நடவாத ஒன்றைக் கேட்பதாகும். அது மட்டுமன்று, விபத்து நேர்ந்தால் பழியையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறது. எதில் கவனம் என்று சொல்லாத அறிவுரை, எல்லாவற்றிலும் கவனம் என்கிறது. எல்லாவற்றிலும் கவனம் என்பதற்கு நடைமுறையில் எதிலும் இல்லை என்றே பொருள்.

மனிதரின் கவனம் அரிய பொருள். அதைத் தளராத பொருள்களிடம் ஒப்படைக்கும் அளவுக்கு ஒப்படைத்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டுமே மனிதரைக் கேட்கவேண்டும். தாமிரத் தகடு தளராது. சிறிய அளவு மருந்து தளராது. வெளிப்புறமாகத் திறக்கும் கதவு தளராது. வெற்று நிலத்திற்குத் தூக்கம் வருவதில்லை. இவை அமைய வேண்டியது ஆலை நடத்துபவர் பொறுப்பு. அமைந்திருக்கின்றனவா எனக் காண்பது ஆய்வு செய்யும் அதிகாரிகள் பொறுப்பு. இதைத் தெளிவாக எழுதாத கட்டுரை, அறியாமலே கவனக்குறைவுக் கதைக்குத் துணை போகிறது.

புகையை மறப்பதா?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். புகை பல இலட்சம் பேரைத் தொடுகிறது. மருந்து அறை சிலரைத்தானே தொடுகிறது? நியாயமான கேள்வி. 2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளை அனுமதித்தது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய அப்பட்டாசுகளில் துகள் மாசு 30 விழுக்காடேனும் குறையவேண்டும் என்பது இலக்கு. ஆஸ்துமா உள்ள குழந்தையின் வீட்டில் இது சிறிய செய்தியன்று. இதைப் பற்றி எழுதுவதைக் கைவிடச் சொல்லவில்லை.

ஆனால் இரண்டு வேறுபாடுகளைக் கருதவேண்டும். ஒன்று, புகைக்கு வழக்கறிஞர்கள் உண்டு. தலைநகரில் புகை சூழ்ந்தால் நாடே பேசும். நம் இதழ் பேசாவிட்டாலும் அச்செய்தி விட்டுப்போகாது. வெம்பக்கோட்டைப் பக்கத்து மருந்து அறையின் நிலைமின்னைப் பற்றித் தமிழில் எழுத நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? மற்றொன்று, புதிய கலவை என்றால் புதிய மருந்து அறை என்றும் பொருள். கலவையில் ஒரு பொருளை மாற்றினால் அதன் உராய்வுத் தன்மை மாறலாம். ஈரத்தோடு அது நடந்துகொள்ளும் விதம் மாறலாம். வெடித்த பின் எவ்வளவு புகை என்று கேட்கும்போதே, வெடிக்கு முன் கலப்பவரின் கைக்கு என்ன என்றும் கேட்கவேண்டும். பசுமைப் பட்டாசு பற்றி நான் படித்த தமிழ்க் கட்டுரைகளில் இக்கேள்வியை நான் காணவில்லை.

நண்பர் ஒருவர் வேறொரு தடை சொன்னார்: "மருந்து அறையில் இருப்பவர்கள் அறிவியல் இதழ் படிக்கிறார்களா? படிப்பவர்களுக்கு வண்ணம்தானே பிடிக்கும்?" படிப்பவர்கள் யார் என்பதை அவர் மறந்துவிட்டார். எங்கள் மாவட்டத்தில் தமிழ் வழியில் பயிலும் மாணவர்களில் எத்தனை பேருடைய தாயோ, அத்தையோ, அண்ணனோ அந்த அறைகளில் இருக்கிறார்கள்! அந்தப் பிள்ளைகளே நம் வாசகர்கள். அவர்கள் வழியாகச் செய்தி அன்று மாலையே வீடு போய்ச் சேரும்.

மூன்று கேள்விகள்

அடுத்த தீபாவளிக் கட்டுரையை எழுதப்போகும் நண்பர்களுக்கும், எனக்கும், மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். எழுத எடுத்துக்கொண்ட செய்தி விளைவில் எத்தனை மடியாக வருகிறது? அதில் பிழை நேர்ந்தால் திருத்த முடியுமா, முடியாதா? நாம் சொல்லாவிட்டால் அதை வேறு யாராவது சொல்வார்களா? நிறத்தைப் பற்றி எழுதினால் முதல் கேள்விக்கு ஒரு மடி. பிழை நேர்ந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடலாம். நூறு பேர் சொல்வார்கள். மருந்து அறையின் இடைவெளியைப் பற்றி எழுதினால் மூன்றுக்கும் விடை நேர்மாறு. பத்துப் பக்கம் உண்டென்றால் நிறத்திற்கு இரண்டு பக்கம் கொடுப்போம், வேண்டாமென்று சொல்லவில்லை. நானும் பூச்சட்டியின் ஒளியைப் பார்த்துத்தான் இயற்பியலுக்கு வந்தவன்.

மாணவ வாசகர்களுக்கும் இக்கேள்விகள் பயன்படும். உங்கள் மேசையில் பாடநூலும் கைப்பேசியும் அருகருகே இருக்கின்றன. கைப்பேசி கூப்பிடுகிறது, பாடநூல் கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதெல்லாம் முதன்மையானது என்று எண்ணத் தொடங்கினால், உங்கள் நாளை நீங்கள் அளக்கவில்லை. யாரோ அளந்து கொடுக்கிறார்கள். பாடத்திலும் அப்படியே. எந்த ஒரு கருத்து விளங்காவிட்டால் மற்ற பத்தும் விளங்காதோ, அதுவே மும்மடியாக வரும் அளவு. அதனிடம் முதலில் போங்கள்.

அந்த மாணவிக்கு விடை சொல்ல நான் கடன்பட்டிருந்தேன் அல்லவா? மறு வாரம் அவளை அழைத்து, இங்கு எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். கருவி எதுவும் வேண்டாம், அறைக்கும் அறைக்கும் எத்தனை எட்டு என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். இடையில் என்ன இருக்கிறது என்றும் கேட்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்தாள்.

"அம்மா எண்ணிப் பாத்தாங்களாம் சார். எட்டு சரியாத்தான் இருக்காம். நடுவுல மரம் இருக்காம்."

"மரத்தடியில்?"

"மதியத்துக்கு மேல எல்லாரும் அங்கதான் சார்."

சிறிது நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. பிறகு அவள், "அம்மாகிட்டச் சொல்லிட்டேன் சார். போர்மேன்கிட்ட அம்மாவால தனியாச் சொல்ல முடியாதாம், நாலு பேரு சேர்ந்து சொல்லப் பாக்குறோம்னாங்க" என்றாள்.

அந்த நான்கு பேர் கையில் கொடுக்கத்தக்க ஒரு கட்டுரையைத் தமிழில் நான் அப்போது எழுதியிருக்கவில்லை.